கல்லே இல்லாத ஊரில் "கற்கால மக்கள்": பப்புவாவின் அஸ்மத் கிராமங்களைப் பற்றி

கேட்கப்பட்டது இதுதான்: பப்புவாவின் உள்காட்டில் இருக்கும் பழங்குடிக் கிராமங்களில் மக்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள், இன்னும் கற்காலத்தில்தான் இருக்கிறார்களா, இவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்றால் அவர்களை ஊர்ப்பக்கம் கொண்டுவந்து குடியமர்த்திவிடக் கூடாதா? கடைசிக் கேள்வியை நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதல் இரண்டையும் சரியாகச் சொல்லியாக வேண்டும், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில், "பப்புவா கிராமம்" என்று பொதுவாக ஒன்று கிடையாது. நியூகினித் தீவின் கிழக்குப் பாதி பப்புவா நியூகினி என்ற தனி நாடு, மேற்குப் பாதி இந்தோனேசியாவிடம் இருக்கிறது. அந்த மேற்குப் பாதியில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகள். மேலே பாலியம் பள்ளத்தாக்கில் குளிரில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பயிரிட்டுப் பன்றி வளர்க்கும் தானி மக்களுடைய வாழ்க்கையும், கீழே கடலோரச் சேற்றில் படகிலேயே பாதி நாளைக் கழிக்கும் மக்களுடைய வாழ்க்கையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. நான் பல வருஷங்களாகத் தொடர்ந்து படித்துவருவது கீழே இருக்கும் அஸ்மத் மக்களைப் பற்றி, அதனால் அவர்களையே எடுத்துக்கொள்கிறேன்.

அஸ்மத் இருப்பது தீவின் தென்மேற்குக் கரையில், அரஃபுரா கடலைப் பார்த்தபடி. 2002-இல் தனி மாவட்டமானது, 2022-இல் உருவான தெற்குப் பப்புவா மாகாணத்தில் இப்போது சேர்ந்திருக்கிறது, 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1,10,000. வரைபடத்தில் பார்த்தால் பச்சையாக நிலம் மாதிரித் தெரியும். உண்மையில் அது நிலமும் இல்லை, நீரும் இல்லை. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல், அதன்மேல் அலையாத்திக் காடு, அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை சதுப்பு. கடல் ஏற்றம் வரும்போது ஆறு பின்னோக்கி ஓடும், பல கிலோமீட்டர் உள்ளே வரைக்கும். இறக்கத்தில் இடுப்பளவு சேறு. தோண்டினால் கல் வராது, கூழாங்கல்கூட வராது. அந்தக் காலத்தில் அவர்கள் வைத்திருந்த கற்கோடரிகள் மலைப்பக்கத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்தவை, குடும்பச் சொத்தாகக் காக்கப்பட்டவை. கல்லே இல்லாத ஊரில் மரத்தையும் எலும்பையும் ஓலையையும் வைத்து ஒரு முழு நாகரிகத்தைக் கட்டியவர்களைப் போய்க் "கற்கால மக்கள்" என்று எழுதுகிறார்கள், அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மாவட்டத் தலைநகர் அகாட்ஸ். ஊர் முழுக்கவே கால்நட்டு, சேற்றுக்கு மேலே பலகைப் பாதைகளில் நிற்கிறது, "ஆயிரம் பலகை நகரம்" என்று இந்தோனேசியர்கள் செல்லமாகச் சொல்வார்கள். இப்போது பல பாதைகள் சிமெண்டுக்கு மாறிவிட்டன. அங்கே கார் கிடையாது. ஓடுவதெல்லாம் மின்சார ஸ்கூட்டர்கள், நம் பக்கம் மின்வண்டிகள் பரவலாக வருவதற்கு வெகுமுன்பே அங்கே வந்துவிட்டன. வீட்டுக்கு வீடு கைபேசி இருக்கிறது. ஆனால் அகாட்ஸ் கிராமம் இல்லை. கிராமங்கள் அங்கிருந்து மோட்டார் படகில் சில மணி நேரத்திலிருந்து ஒரு முழு நாள் வரை தள்ளி, ஆற்று வளைவுகளில் இருக்கின்றன. தூரத்தைக் கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை, எத்தனை லிட்டர் பெட்ரோல் ஆகும் என்பதுதான் கணக்கு. நேரத்தையும் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, ஏற்றமும் இறக்கமும்தான் தீர்மானிக்கும். நீர் இறங்கிவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், அடுத்த ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, சாப்பாடு. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளம்புகிறது.

நெல் கிடையாது, கிழங்குத் தோட்டம் போட மண் கிடையாது. இருப்பது சேகோ பனை. நமக்கு ஜவ்வரிசி தெரியும், சேலத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து செய்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரே இந்தப் பனையுடையது. மலாய் மொழியின் 'சாகு' என்ற சொல் இந்த மரத்தைக் குறிப்பது, அதுதான் சேகோ என்று ஆகி நம்மிடம் வந்தது. வாழை மாதிரி இதுவும் ஒரே தடவைதான் பூக்கும், பூத்தால் செத்துவிடும், பக்கக்கன்றிலிருந்து அடுத்தது வரும். பத்துப் பதினைந்து வருஷம் வளர்ந்து, பூக்கப் போகும் சமயத்தில் தண்டு முழுக்க மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து வெட்ட வேண்டும். ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போய்விடும். எந்த மரம் எப்போது தயார் என்பது அந்தத் தோப்புக்குரிய குடும்பத்துக்குத் தெரியும். ஆமாம், தோப்புகளுக்கு உரிமைக்காரர்கள் உண்டு, "யாருக்கும் சொந்தமில்லாத காடு" என்று ஒன்று அங்கே இல்லை.

மரத்தை ஆண்கள் வெட்டிச் சாய்ப்பார்கள். பட்டையை நீளவாக்கில் பிளந்து திறந்தால் உள்ளே வெளுத்த, லேசாக இளஞ்சிவப்புப் படர்ந்த சோறு. பெண்கள் வெட்டிய தண்டுக்கு எதிரில் உட்கார்ந்து, மண்வெட்டி வாட்டத்தில் வளைந்த ஒரு மரக்கருவியால் அந்தச் சோற்றைக் கொத்திக் கொத்தித் தூளாக்குவார்கள், மணிக்கணக்கில், பேசிக்கொண்டே. அதே பனையின் மட்டையைத் தொட்டியாகச் சாய்த்து வைத்து, நடுவில் நார்வலையைக் கட்டி, பக்கத்தில் தோண்டிய குழியிலிருந்து சதுப்பு நீரை மொண்டு ஊற்றிப் பிசைவார்கள். சக்கை மேலே தங்கும், பால் மாதிரி நீர் கீழே வடியும், கொஞ்ச நேரத்தில் அடியில் மாவு படியும். மேல்நீரை இறுத்துவிட்டு அந்த ஈரமாவைக் கட்டியாக உருட்டி ஓலையில் பொதிந்துவிடுவார்கள். தேங்காய்ப் பால் பிழிந்தவர்களுக்கும், ஊறவைத்த அரிசியை அரைத்து மாவு தெளியவைத்தவர்களுக்கும் இந்த வேலை முன்பின் தெரியாததாகத் தோன்றாது. ஒரு நல்ல மரத்தில் 150 கிலோவுக்கு மேலேயே மாவு கிடைக்கும். நெருப்பில் நேரடியாகச் சுட்டுச் சாப்பிடுவார்கள். வெளியே கருகி, உள்ளே பிசினாக இருக்கும்.

இதில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. சேகோ வெறும் மாவுச்சத்து. புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, வைட்டமினும் இல்லை. அதை ஈடுகட்டத்தான் மீனும் இறாலும் நண்டும், அப்புறம் சேகோப் புழு. நம் தென்னந்தோப்புகளில் மரத்தைக் குடைந்து சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டு இருக்கிறதே, அதன் நெருங்கிய உறவுக்கார வண்டின் புழுதான் அது. வெட்டிய மரத்தின் ஒரு பகுதியை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள், வண்டு வந்து முட்டையிடும், சில வாரம் கழித்துப் போய்ப் பிளந்தால் கட்டைவிரல் தடிமனில் கொழுத்த புழுக்கள். கொழுப்பும் புரதமும் நிறைந்தது, விருந்துச் சாப்பாடு. பார்த்ததும் முகம் சுளிப்பவர்கள், அந்தச் சதுப்பில் ஒரு குழந்தைக்கு வேறு எங்கிருந்து கொழுப்பு கிடைக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம்.

சேகோ வேலை கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு நடக்காது என்பதைக் கவனியுங்கள். தோப்பு ஆற்றின் மேல்பக்கம் எங்கோ இருக்கும். குடும்பமே படகில் ஏறிப் போய், ஓலைக்குடில் போட்டு, வாரக்கணக்கில் தங்கிவிடும். அதை அங்கே 'பிவாக்' என்பார்கள். கைக்குழந்தையும் போகும், பள்ளிக்கூடப் பிள்ளையும் போகும். ஆக ஒரு அஸ்மத் குடும்பத்தின் "வீடு" என்பது கிராமத்தில் கால்நட்டு நிற்கும் அந்தக் குடிசை மட்டும் அல்ல, ஆறும் தோப்பும் பிவாக்கும் சேர்ந்ததுதான். மருத்துவம், பள்ளி என்று பேசப் போகும்போது இது மறுபடி வரும்.

தண்ணீர் விஷயம் இன்னும் கொடுமை. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. கிணறு தோண்டினால் உப்பும் கறுத்த சதுப்பு நீரும்தான் வரும். கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைநீர்தான் குடிநீர். மழைக்குக் குறைவில்லாத இடம்தான், ஆனால் மூன்று நான்கு வாரம் தொடர்ந்து பெய்யாமல் போனால் பீப்பாய் காலி, பிறகு ஆற்று நீர்தான், அப்புறம் வயிற்றுப்போக்குதான். ஓலைக்கூரையில் சுத்தமாக நீர் பிடிக்க முடியாது, தகரம் வேண்டும், பீப்பாய் வேண்டும், இரண்டுக்கும் காசு வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு, எப்போதும் பட்டினியோடு போராடும் சோகமான மக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மரச்சிற்பத்தில் அவர்களுக்கு இணையானவர்கள் உலகத்தில் குறைவு. அவர்கள் கதைப்படி மனிதர்கள் பிறந்ததே சிற்பத்திலிருந்துதான். ஃபுமெரிப்பிட்ஸ் என்ற ஆதிமனிதன் தனியாக இருக்கப் பிடிக்காமல் ஒரு பெரிய வீட்டைக் கட்டி, மரத்தில் உருவங்களைச் செதுக்கி உள்ளே நிறுத்தினான், பிறகு ஒரு பறையைச் செய்து அடிக்க ஆரம்பித்தான், அடிக்க அடிக்க உருவங்கள் மெதுவாக அசைந்து, முழங்காலை மடக்கி, ஆட ஆரம்பித்தன. அவர்கள்தான் அஸ்மத். அதனால் மரமும் மனிதனும் அவர்களுக்கு ஒன்று: வேர் கால், அடிமரம் உடல், கிளை கை, பழம் தலை. அந்தப் பெரிய வீட்டின் வழிவந்ததுதான் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கும் 'ஜெவ்' என்ற நீளவீடு. உள்ளே ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு அடுப்பு, ஊர் முடிவுகள் எல்லாம் அங்கேதான்.

பிஸ்ஜ் என்று ஒரு சிற்பத்தூண் உண்டு. அலையாத்தி மரத்தைத் தலைகீழாக நிறுத்தி, பலகை வேர்களில் ஒன்றை மட்டும் வெட்டாமல் விட்டு, அது மேலே இறக்கைபோல நீட்டிக்கொண்டிருக்கும்படி, இறந்துபோனவர்களின் உருவங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் செதுக்குவார்கள். சிவப்பு மண், சிப்பியைச் சுட்ட வெள்ளை, அடுப்புக்கரி, இந்த மூன்று நிறம்தான். செய்து முடித்து, விழா எடுத்து, ஆட்டம் ஆடி, கடைசியில் அந்தத் தூண்களைச் சேகோ தோப்புக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். மட்கட்டும் என்றுதான். முன்னோரின் சக்தி மண்ணுக்குள் இறங்கிப் பனைக்குப் போகும், பனை பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட தூண்கள் குளிர்சாதன அறையில் நிற்கின்றன. அவற்றைத் திரட்டியவர் மைக்கேல் ராக்ஃபெல்லர், நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரின் மகன். 1961 நவம்பரில் அஸ்மத் கரையோரம் படகு கவிழ்ந்து காணாமல் போனார், 23 வயது, உடல் கிடைக்கவே இல்லை. வெளியுலகம் அஸ்மத் என்றதும் இந்தக் கதையையும் தலைவேட்டையையும்தான் பிடித்துக்கொள்கிறது. தலைவேட்டை, அதாவது எதிரியைக் கொன்று தலையை எடுத்துவருவது, இருந்தது, உண்மை. குலங்களுக்கு இடையே பழிக்குப் பழி வாங்கும் ஒரு கணக்கின் பகுதியாக இருந்தது, மிஷனரிகளும் அரசும் உள்ளே வந்த 1950, 60-களில் ஓய்ந்தது. ஆனால் அதே காலத்தில், 1958-இல், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட டச்சுக்காரர்களின் ரோந்துப் படை ஓட்ஸ்ஜானெப் என்ற கிராமத்தில் சுட்டுச் சிலரைக் கொன்றதைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்?

1963-இல் ஆட்சி இந்தோனேசியாவுக்குக் கைமாறியது. 1969-இல் பப்புவா முழுவதற்குமாக, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரை மட்டும் வைத்து, இந்தோனேசியாவோடு இருப்பதா என்று ஒரு "வாக்கெடுப்பு" நடந்தது, அதன் காயம் இன்றும் ஆறவில்லை. அஸ்மத்தில் 60-களில் இந்தோனேசிய அதிகாரிகள் விழாக்களைத் தடைசெய்தார்கள், நீளவீடுகளைக் கொளுத்தினார்கள், சிற்பம் செய்வதே நின்றுபோகும் நிலை வந்தது. கத்தோலிக்க மிஷன் அகாட்ஸில் 1973-இல் ஒரு அருங்காட்சியகம் தொடங்கியது, வருடாந்திரச் சிற்பவிழா நடத்தியது, அதனால் கை மறக்காமல் இருந்தது. பிறகு 90-களில் அகில் வியாபாரிகள் வந்தார்கள். நம் இலக்கியத்தில் சந்தனத்தோடு சேர்த்துச் சொல்லும் அதே வாசனைக்கட்டைதான். காசோடு சாராயமும் பாலியல் தொழிலும் நோயும் ஆற்றில் மேலேறின. அகில் மரம் அரிதானதும் காசு போய்விட்டது, மற்றவை தங்கிவிட்டன.

இப்போது மருத்துவத்துக்கு வருகிறேன். 2017 கடைசியிலும் 2018 தொடக்கத்திலும் அஸ்மத் கிராமங்களில் தட்டம்மை பரவியது. மணல்வாரி அம்மை என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். தடுப்பூசி போட்ட, நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு அது வராது, வந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஊட்டமில்லாத, மலேரியாவில் ரத்தம் வற்றிய குழந்தைக்கு அது எமன். 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அம்மையிலும் ஊட்டக்குறைவிலும் செத்தார்கள். 600-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய். புலாவ் தீகா போன்ற வட்டாரங்களில் ஊருக்கு ஊர் சின்னச் சின்னப் புதைகுழிகள். அகாட்ஸ் மருத்துவமனையில் இடம் போதாமல் சர்ச் மண்டபத்தில் பிள்ளைகளைப் படுக்கவைத்தார்கள். செய்தி ஜகார்த்தாவை எட்டிய பிறகுதான் ராணுவ மருத்துவக் குழுக்கள் படகுகளில் கிராமம் கிராமமாகப் போய்ப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஊசி போட்டன. 2018 பிப்ரவரி தொடக்கத்தில் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தார்கள். அதாவது மனது வைத்தபோது சில வாரத்தில் எல்லாக் கிராமத்துக்கும் போக முடிந்தது. என்னை இன்றுவரை உறுத்துவது அதுதான்.

ஏன் முன்பே போகவில்லை? பணம் இல்லாமல் அல்ல. பக்கத்து மிமிக்கா மாவட்டத்து மலையில்தான் உலகின் மிகப்பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்றான கிராஸ்பெர்க் இருக்கிறது. 2001-ஆம் வருஷச் சட்டப்படி பப்புவாவுக்குச் சிறப்புத் தன்னாட்சி நிதி தனியாக வருகிறது. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், கிராமத்தில் குளிர்பெட்டி ஓட மின்சாரம் இல்லை, அகாட்ஸிலிருந்து ஐஸ்பெட்டியில் கொண்டுபோக வேண்டும், படகுக்குப் பெட்ரோல் வேண்டும். சுகாதார நிலையம் என்று ஒரு கட்டடம் பல கிராமங்களில் நிற்கும், உள்ளே ஆள் இருக்கமாட்டார். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த நர்ஸ், சம்பளம் வாங்க நகரத்துக்குப் போனவர், திரும்பிவர மாதக்கணக்காகும். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தண்ணீரும் சிக்னலும் இல்லாத இடத்தில் தனியாக இருப்பது லேசானது இல்லை. ஆசிரியர்களும் அப்படியே, ஆறாம் வகுப்பு முடித்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் அதனால்தான். எல்லாம் சரியாக அமைந்து, ஊசிக்குழு வந்து இறங்கினால் கிராமத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். குடும்பங்கள் பிவாக்கில். குழு கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடும்.

கடைசிக் கேள்வி, இடம் மாற்றுவது. 2018-இல் இதையேதான் அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோவும் யோசனையாகச் சொன்னார், சிதறிக்கிடக்கும் கிராமங்களை அகாட்ஸ் பக்கம் கொண்டுவரலாம் என்று. அப்போதைய மாவட்டத் தலைவர் எலிசா கம்பு அது நடக்காது என்று சொல்லிவிட்டார், சரியாகத்தான் சொன்னார். அகாட்ஸைச் சுற்றியுள்ள தோப்பு வேறு குலங்களுடையது. அங்கே வந்து குடியேறுகிறவர் எந்த மரத்தை வெட்டுவார்? அரசு தரும் அரிசியும் கடையில் விற்கும் உடனடி நூடுல்ஸும்தான் மிஞ்சும், புழுவும் மீனும்கூடப் போய்விடும். ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருந்தாக, இருக்கும் ஒரே ஊட்டத்தையும் பிடுங்கிக்கொள்வது மாதிரி. அப்புறம் அந்தத் தோப்பில் அவர்களுடைய தாத்தாக்கள் மட்கிக் கிடக்கிறார்கள். அஸ்மத் ஒருவருக்கு அது வெறும் பேச்சு இல்லை.

"ஆனால் அவர்களுக்கே மாற்றம் வேண்டாமா, காட்டு மனிதர்களாகவே இருக்க வேண்டுமா" என்று இதற்கு எதிர்க்கேள்வி வரும். யார் சொன்னது வேண்டாம் என்று? படகுக்கு எஞ்சின் வேண்டும், தகரக்கூரை வேண்டும், பிள்ளைக்குப் படிப்பு வேண்டும், கைபேசிக் கோபுரம் வேண்டும், எல்லாம் வேண்டும். அவர்களை மாறாமல் வைத்திருக்கத் துடிப்பது வெளியாட்கள்தான். உள்நாட்டில் அஸ்மத்துக்கு அந்தப் பக்கம் கொரோவாய் மக்கள் இருக்கிறார்கள், மரத்தின் மேல் வீடு கட்டுபவர்கள். அவர்கள் வானளாவிய மரவீட்டில் குடியிருப்பதாக பிபிசி ஒரு ஆவணத்தொடரில் காட்டியது, அந்த வீடு படப்பிடிப்புக்காகக் கட்டச் சொன்னது என்று 2018-இல் பிபிசியே ஒப்புக்கொண்டது. அஸ்மத் குழந்தைகள் அம்மையில் செத்த அதே வருஷம்.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஊசிக்குழு கிராமத்துக்கு வருமுன், எந்தக் குடும்பம் எந்தத் தோப்புக்குப் போயிருக்கிறது என்று நீளவீட்டில் கேட்டால் சொல்வார்கள், அது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அங்கேயே படகை விட வேண்டும், அதற்கு இன்னும் இருபது முப்பது லிட்டர் பெட்ரோல் கூடுதலாக ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு தகரக்கூரைச் சரிவும் ஒரு பெரிய நீர்த்தொட்டியும். அந்தந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்சி கொடுத்து, சம்பளத்தைக் கிராமத்துக்கே கொண்டுவந்து கொடுப்பது. அவர்கள் சேகோ கொத்தப் போகும்போது மருந்துப்பையும் அதே படகில் பிவாக்குக்குப் போகும்.